பேசக் கூடாத மைதானம்

அன்றைக்குத் தப்பு செய்தவர் லாயக்காரர்தான். அதை அவரே ஒத்துக்கொள்வார்.

போட்டிக்கு முன்னால் குதிரையை வெளி மைதானத்தில் ஓட்டி உடம்பைச் சூடேற்றுவார்கள். அப்போது நாலு காலிலும் துணிப்பட்டி சுற்றியிருக்கும், ஒரு கால் இன்னொரு காலில் இடித்துக் காயம் பட்டுவிடாமல் இருக்க. உள்ளே போகும்முன் நாலையும் கழற்றிவிட வேண்டும். ஒன்று காலில் நின்றுவிட்டாலும் போச்சு. மணி அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். லாயக்காரர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தக் குதிரைக்கு முன்னால் போக வேண்டிய ஒருவர் வயிற்று வலி என்று விலகிக்கொள்ள, திடீரென்று இவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். லாயக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று பட்டியைக் கழற்றினார். பின்னங்கால் பட்டி ஒன்று அப்படியே நின்றுவிட்டது.

குதிரை உள்ளே போய் நடுக்கோட்டில் நின்றது. மேலே இருந்தவள் தலை குனிந்து வணக்கம் சொன்னாள். மறு நொடி மணி அடித்தது. ஒரு வருட உழைப்பு ஒரு நிமிடத்தில் முடிந்தது.

வேலை போய்விட்டது என்று நினைத்து லாயக்காரர் குதிரையை ஏற்றி வந்த வண்டிக்குப் பின்னால் நின்றார். வண்டியின் அந்தப் பக்கம் குதிரையின் முதலாளி கத்துவது காதில் விழுந்தது.

“எவன் பண்ண வேலை இது? கண்ணு பிடரியிலயா இருக்கு அவனுக்கு? இன்னைக்கே அனுப்பும்மா அவனை!”

“அவர் மேல தப்பு இல்ல சார்,” என்றது அவள் குரல். “கால் லேசா வீங்கின மாதிரி இருந்துச்சு. கடைசி வரைக்கும் இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். அப்புறம் நானே மறந்துட்டேன்.”

“நீயா? இருபது வருஷமா ஓட்டுற. இது தெரியாதா உனக்கு?”

“தெரியும் சார். இன்னைக்குப் புத்தி வேலை செய்யல.”

எந்தக் காலிலும் வீக்கம் இல்லை. அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. லாயக்காரர் வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அந்த விஷயத்தை அவள் அவரிடம் எடுத்ததே இல்லை. அடுத்த போட்டியில் மட்டும், உள்ளே போகும்முன் சேணத்திலிருந்து குனிந்து, “நாலா அண்ணா?” என்று கேட்டாள். அவர் நாலு பட்டியையும் கையில் தூக்கிக் காட்டி, “நாலு, தங்கச்சி” என்றார். அதற்குப் பிறகு எட்டு வருடம், ஒரு போட்டி விடாமல் இது நடந்தது. அவருக்கு அது ஆண்டவனிடம் வேண்டிக்கொள்வது போலவே ஆகிவிட்டது.

குதிரைச் சவாரி கிளப்பில் எல்லோரும் அவளை ‘நேர்க்கோடு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் குதிரை மைதானத்துக்குள் நுழைந்தால் மணலில் கோல் வைத்து இழுத்த மாதிரி நேராக வரும். தெருவில் நடந்து போனாலும் அப்படித்தான் நடப்பாள். எதிரே வருகிறவர்கள்தான் ஒதுங்க வேண்டும்.

அவள் பணக்கார வீட்டுப் பெண் இல்லை. அப்பா தையற்காரர். கிளப்காரர்களுக்குக் கறுப்புக் கோட்டு தைத்துக் கொடுப்பார். தைத்த கோட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு கொடுக்க வந்தவள், பன்னிரண்டு வயதில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். பார்த்தவள் வீட்டுக்குப் போகவில்லை. அப்பா தேடிக்கொண்டு வந்தபோது லாயத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் அள்ளினால் ஒரு மாதம் ஓட்டக் கற்றுத் தருவதாக யாரோ விளையாட்டாகச் சொல்லியிருந்தார்கள். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தப் போட்டிக்கு டிரெஸ்ஸாஜ் என்று பெயர். தடை தாண்டுவதும் இல்லை, முந்தி ஓடுவதும் இல்லை. அறுபது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வேலி, வேலியோரம் எழுத்துப் பலகைகள். எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துக்கு எந்த நடையில் போக வேண்டும், எங்கே வட்டம், எங்கே நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும் என்று எல்லாம் முன்பே எழுதியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவர்கள் பத்துக்கு இத்தனை என்று போடுவார்கள். கடைசியில் எல்லாம் கூட்டி நூற்றுக்கு இத்தனை என்று வரும். மேலே உட்கார்ந்திருப்பவள் ஒன்றுமே செய்யாதது போலத் தெரிய வேண்டும். அதுதான் இதில் உள்ள வித்தை.

அவள் புருஷன் பஸ் ஓட்டுநர். கல்யாணமான புதிதில் ஒரு போட்டியைப் பார்க்க வந்தார். வெளியே வந்து லாயத்தில் எல்லோரிடமும் சொன்னார்: “எப்ப ஆரம்பிப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். முடிஞ்சு போச்சு, கைதட்டுங்கன்னுட்டாங்க.”

அவர் நல்ல மனுஷர். “நான் அறுபது பேரை ஏத்திக்கிட்டு ஓட்டுறேன். இவ ஒரே ஒரு குதிரையை ஓட்டுறா. இடுப்பு வலி மட்டும் இவளுக்குத்தான்” என்பார். சொல்லிக்கொண்டே இரவல் வாங்கிய தைலத்தை எடுத்து வருவார்.

இருபத்து மூன்று வயதில் அவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. பேப்பரில் படம் வந்தது. படம் எடுத்தவருக்குக் குதிரைமேல்தான் கண். அவளை இடுப்புக்கு மேல் வெட்டிவிட்டார். அவள் அப்பா அந்தப் படத்தைக் கடையில் ஒட்டி வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். “அந்தக் கால் இருக்கு பாருங்க, அது என் பொண்ணு.” அவள் போட்டிக்குப் போடும் கறுப்புக் கோட்டு அவர் தைத்தது. மூன்று முறை பிரித்துத் தைத்தாயிற்று. கடைசியாகப் பிரித்த வருடம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு அவள் உடம்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை.

பரிசு வாங்கினால் குதிரை தனதாகிவிடுமா? இல்லை. அவள் ஓட்டியதெல்லாம் பிறத்தியார் குதிரை. ஒன்றைப் பழக்கி, நன்றாக வரும் நேரத்தில் முதலாளி விற்றுவிடுவார். இப்படி மூன்று குதிரை போயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாள். எட்டாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள்.

நாலாவதாக வந்ததுதான் சாம்பல். வரும்போது சாம்பல் நிறம். வயது ஏற ஏற வெளுத்துக்கொண்டே வந்தது. ஐந்து வயதுக் குதிரை, முரடு. இரண்டு பேரைக் கீழே தள்ளியது. மூன்றாவதாக அவளையும் தள்ளியது. “என்னைத் தள்ளினதுக்கு அப்புறம் ஓடிப் போகாம நின்னு திரும்பிப் பாத்தியே, அது போதும்டா” என்று அதன் மூக்கைத் தடவினாளாம். அடுத்து வந்த வருடங்களில் அது சுற்று வட்டாரத்தில் எல்லோரும் எழுந்து நின்று பார்க்கிற குதிரையாயிற்று. நூற்றுக்கு எழுபது கூட வாங்கியது. பட்டி மறந்த அந்த ஒரு நாளைத் தவிர எல்லாம் ஏறுமுகம்தான்.

பிறகு அவள் விழுந்தாள். சாதாரணப் பயிற்சி, ஈரமான மூலை, குதிரை வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதம் படுக்கை. அந்த ஏழு மாதமும் வேறொருவர் சாம்பலைப் பூட்ஸ் குதிகாலில் மாட்டிய முள்ளால் குத்திக் குத்தி ஓட்டினார். அவள் கோலூன்றி லாயத்துக்கு வந்த அன்று, வயிற்றோரம் முடி கொட்டித் தழும்பாகியிருந்த இடத்தில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். “ஆரம்பத்துலேர்ந்து வரணும் அண்ணா” என்றாள். அவளுக்கு அப்போது முப்பத்தேழு. ஆரம்பத்திலிருந்து வந்தார்கள். இரண்டு வருடம் பிடித்தது.

அப்படி வந்து சேர்ந்த பிறகுதான் கண்.

ஒரு காலையில் லாயக்காரர் தண்ணீர் வாளியோடு இடது பக்கமாகப் போனார். தினமும் போகிற பக்கம்தான். சாம்பல் பேயைக் கண்டது போலத் துள்ளி, எதிர்ச் சுவரில் மோதியது. வெளிச்சத்தில் கொண்டுவந்து பார்த்தால் இடது கண்ணில் பால் படர்ந்த மாதிரி ஒரு வெண்மை. மருத்துவர் வந்தார், விளக்கடித்துப் பார்த்தார். “இந்தக் கண்ணு போயிக்கிட்டே இருக்கு. வலது நல்லா இருக்கு. போட்டிக்குப் போகலாம், தடை இல்ல. ஆனா இடது பக்கம் என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. பயப்படும்” என்றார்.

பயந்தது. இடது பக்கம் வேலி வந்தால் உடம்பை வளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. கோடு கோணியது. அவளுக்கு ஒரு வழி தோன்றியது. ஓட்டிக்கொண்டே பேசினாள். “இருக்கேன்டா. இங்கதான் இருக்கேன். வேலிதான், ஒன்னும் இல்ல.” சன்னமான குரல். அந்தக் குரல் காதில் விழுந்தால் போதும், குதிரை நேரானது. இல்லாத கண்ணுக்குப் பதிலாக அவள் குரலை வைத்துக்கொண்டது.

ஆனால் டிரெஸ்ஸாஜில் பேசக் கூடாது. வாய் திறக்கக் கூடாது, நாக்கைச் சொடுக்கக் கூடாது. நடுவர் காதில் விழுந்தால் அந்த அசைவுக்கு இரண்டு மதிப்பெண் போய்விடும்.

முதலாளிக்கு ஓடு தயாரிக்கும் தொழிற்சாலை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. குதிரையை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு அவர் அலுவலகத்துக்கு அவள் போனபோது லாயக்காரரும் கூடப் போய் வாசலருகே நின்றார்.

“நான் தர்மச் சத்திரம் நடத்தலம்மா. ரெண்டு கண்ணும் போனப்புறம் யார் கேப்பாங்க? பிள்ளைங்களுக்குச் சவாரி சொல்லித் தர்ற பள்ளிக்கூடம் ஒன்னு கேக்குறாங்க. கண்ணு விஷயம் தெரிஞ்சுதான் கேக்குறாங்க.”

“அங்க பத்துக் குதிரைக்கு ஒரு ஆள் சார். நாள் முழுக்கச் சுத்த விடுவாங்க. நாலு பசங்க நாலு பக்கமும் கடிவாள வாரை இழுப்பாங்க. இடது பக்கம் ஒருத்தன் ஓடி வந்தாப் போதும்...” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒரு வருஷம் குடுங்க சார். கால்ல விழச் சொன்னா விழுறேன்.”

“சேச்சே, என்ன பேச்சு இது.” அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். “இந்தப் பருவத்தோட கடைசிப் போட்டி வருதில்ல? அறுபத்தஞ்சு எடு. எடுத்தா அது இங்கயே இருக்கட்டும், நீயே ஓட்டு. எடுக்கலன்னா என்கிட்ட மறுபடி வராதே. உன் அழுகையை என்னால பாக்க முடியல.”

ஆறு வாரம் இருந்தது. பேசாமல் ஓட்டிப் பழக வேண்டும். முதல் நாளே அவளையறியாமல் வாயில் பேச்சு வந்துவிட்டது. இரண்டாம் நாள் அவள் வாய்மேல் ஒட்டுப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தாள். லாயத்தில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. குரலுக்குப் பதிலாக மூச்சு: இடது வேலி வரும்போது நீளமாக மூச்சு விடுவாள். இடது காலை லேசாக வயிற்றோடு ஒட்டி வைப்பாள். சாம்பல் காதைத் திருப்பித் திருப்பிக் குரலைத் தேடியது. கிடைக்கவில்லை. வியர்வையில் நனைந்து நின்றது. லாயக்காரர் வேலியோரம் நின்று, உதடு அசையாமல் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பஸ் ஓட்டுநர் ஒரு மாலை அவளைக் கூட்டிப்போக வந்தார். “அந்தப் பிளாஸ்திரியை வீட்டுலயும் ஒட்டிக்கிட்டா எனக்கும் கொஞ்சம் நிம்மதி” என்றார். அவள் திரும்பினாள். பிளாஸ்திரியை உரித்து உரித்து உதட்டோரத் தோல் பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “என்னம்மா இது, உன்னை நீயே இப்படி...” என்றார்.

சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஐந்தாவது வாரம் ஒரு நாள் முழுச் சுற்றும் பேச்சில்லாமல் நேராக வந்தது. கீழே இறங்கி மணலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆறாவது வாரம் மூன்று நாள் வந்தது, மூன்று நாள் வரவில்லை.

போட்டி நாள். நல்ல வெயில், நல்ல காற்று. கறுப்புக் கோட்டின் பொத்தான்களை லாயக்காரர்தான் போட்டுவிட்டார்.

“நாலா அண்ணா?”

“நாலு, தங்கச்சி.”

உள்ளே போனாள். நடுக்கோட்டில் நூல் பிடித்த மாதிரி வந்து நின்றது குதிரை. பின்னால் நின்ற யாரோ, “நேர்க்கோடு நேர்க்கோடுதான்யா” என்றார்கள். ட்ராட் என்கிற துள்ளு நடையில் ஒரு குறையும் இல்லை. வட்டங்கள் வட்டமாக வந்தன. நின்ற இடத்தில் கால் தூக்கும் இடத்தில் லாயக்காரருக்கே மூச்சு நின்றது, அவ்வளவு அழகு. பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ஆண்டவனே, இன்னும் மூன்று நிமிடம்.

இடது பக்கம் நடுவர் ஒருவரின் மரக்கூண்டு. அதற்குள்ளிருந்து ஒரு தாள் காற்றில் பறந்து வந்து வேலியில் ஒட்டிக்கொண்டு படபடத்தது. பெரிய சத்தம்கூட இல்லை. பார்க்கிற குதிரைக்கு அது ஒரு தாள். பார்க்காத குதிரைக்கு அது என்னவாக இருந்ததோ. சாம்பலின் இடது தோள் நடுங்குவது இவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. காது பின்னால் திரும்பியது. அவளைக் கேட்டது.

பேசாதே தங்கச்சி, என்று லாயக்காரர் மனசுக்குள் கதறினார். பேசாதே.

அவள் உதடுகள் அசைந்தன.

குதிரை நேரானது. ஆனால் ஒரு தடவை கேட்டுவிட்டதால், அடுத்த மூலையிலும் காதைத் திருப்பியது. அங்கேயும் பேசினாள். இன்னும் இரண்டு இடத்தில் பேசினாள். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் காதில் அது விழுந்தது. கடைசி வணக்கம் சொல்லிவிட்டு வாரைத் தளர்த்தி வெளியே வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

பலகையில் போட்டார்கள்: அறுபத்து நாலு புள்ளி ஒன்று. பேசியதற்குக் கழித்ததைக் கழிக்காமல் விட்டிருந்தால் அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும்.

லாயத்தில் சேணத்தை இறக்கும்போது அவரால் பொறுக்க முடியவில்லை. “ஒரு தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா தங்கச்சி? கொஞ்சம் கோணினா கோணட்டும்னு விட்டிருந்தா?”

“நடுங்குச்சு அண்ணா,” என்றாள் அவள். “பத்து வருஷமா கூடவே இருக்கேன். கண்ணு போனதுலேர்ந்து நான் இருக்கேன், நான் இருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன். அது கேக்கும்போது நான் மேல உக்காந்துக்கிட்டுச் சும்மா இருந்தா, அது என்ன நினைக்கும்?”

சொல்லிவிட்டுக் குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த அழுகையை எழுத வேண்டாம்.

மறுநாள் லாயக்காரர் தனியாக முதலாளியைப் பார்க்கப் போனார். எட்டு வருடமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னார். “அன்னைக்குப் பட்டியை மறந்தது நான் சார். தங்கச்சி பழியைத் தன் மேல போட்டுக்கிச்சு. அப்படிப்பட்ட பொண்ணு சார் அது. ஒரு புள்ளிக்கும் குறைவாத்தானே சார் போச்சு. என்னை வேணா வேலையை விட்டு அனுப்புங்க. குதிரையை மட்டும்...”

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பட்டி கழட்டுறது யார் வேலைன்னு எனக்குத் தெரியாதாய்யா? அன்னைக்கே தெரியும். அவ சொன்னா, நான் நம்புன மாதிரி இருந்தேன்.” கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “அன்னைக்கு விட்டேன். இந்தத் தடவை முடியலய்யா. வாக்குக் குடுத்துட்டேன், ஆளுங்க வியாழக்கிழமை வர்றாங்க. வேணும்னா ஒன்னு செய்யிறேன். குதிரையோட நீயும் போ. அவங்க ஆள் கேக்குறாங்க.”

அவருக்குப் போக மனசில்லை. பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், சம்சாரம் எங்கே போனாலும் கூட வருவாள். ஆனால் அவளை இப்படி விட்டுவிட்டுப் போவதா? அவளிடம் சொன்னபோது, ஆறு வாரத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் உயிர் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “போங்க அண்ணா. எனக்காகப் போங்க. அதுக்குத் தெரிஞ்ச குரல் ஒன்னாவது அங்க இருக்கட்டும்.”

“நீ என்ன பண்ணுவே தங்கச்சி?”

“எட்டாம் நாள் முகம் கழுவுறேனா பாப்போம்” என்றாள். அவளுக்கு வேறு குதிரை யாரும் தரப் போவதில்லை. நாற்பத்தோரு வயது, ஒட்டுப் போட்ட இடுப்பு. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை வண்டி வந்து பின்கதவை இறக்கியது. நெடும் பயணத்துக்குக் குதிரையின் காலில் பட்டி கட்ட வேண்டும். லாயக்காரர் பட்டிகளை எடுக்கப் போனார்; அவள் விடவில்லை. இடுப்பு வலியோடு தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு காலாகச் சுற்றினாள். சுருக்கம் விழுந்தால் பிரித்து மறுபடி சுற்றினாள். புருஷன் பஸ் சீருடையோடு வந்து, ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பெல்லாம் குதிரை என்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனுஷர்.

சாம்பல் அந்தப் பின்கதவுப் பலகையில் ஏற மறுத்தது. இடது பக்கம் வண்டியின் சுவர். அவள் முன்னால் போய்ப் பேசிக்கொண்டே பின்னோக்கி ஏறினாள். அதுவும் ஏறியது. குறுக்குக் கம்பியைப் போட்டுவிட்டுப் பக்கக் கதவு வழியாக அவள் இறங்கி வந்தபோது, உள்ளே அது கால் மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. நேராக லாயக்காரரிடம் நடந்து வந்தாள்.

அவர் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தார், ‘ஆண்டவன் கைவிட மாட்டான்’ என்று. அதற்குள் அவள் சன்னலில் கை வைத்துக்கொண்டு, எதையோ மறந்துவிடக் கூடாது என்பவள் போல அவசரமாகச் சொன்னாள்:

“நாலும் கட்டியிருக்கேன் அண்ணா. எறங்கினதும் நாலையும் எண்ணிக் கழட்டிடுங்க. இடது பக்கமா போறப்ப பேசிக்கிட்டே போங்க. எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. அங்க யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க.”